லிஃப்டில் ஏறிய நாவல்

எங்கள் கட்டடத்து லிஃப்டில் யாரும் யாரோடும் பேசியதில்லை. ஏறியவுடன் ஒருவர் தன் செருப்பைப் பார்ப்பார். இன்னொருவர் மேலே எரியும் மாடி எண்ணைப் பார்ப்பார். மூன்றாமவர் கைபேசியில் ஏற்கெனவே படித்து முடித்த செய்தியை மறுபடி படிப்பார். அப்படிப்பட்ட லிஃப்டில்தான் ஒரு திங்கட்கிழமை காலை, பொத்தான்களுக்குப் பக்கத்தில், கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ‘கால் முளைத்த பார்சல் – நாவல் – அத்தியாயம் ஒன்று.’

எழுதியவர் பெயர் இல்லை. தேவையும் இல்லை. தாளின் பின்பக்கம் புடைத்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்தி எழுதுகிற ஆள் எங்கள் கட்டடத்தில் ஒருத்திதான். ஐந்தாம் மாடிப் பெண். பென்சில் என்று கூப்பிடுவோம். ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர் என்பார் அவள் அப்பா. எந்நேரமும் பின்னலில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவதால் என்பாள் அம்மா. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒத்துப்போயிருக்கலாம்.

எனக்கு வம்பு பேசப் பிடிக்காது. ஆனால் என் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிரே. கதவைத் திறந்து வைத்தால் காற்று வருகிறது. காற்றோடு செய்தியும் சேர்ந்து வந்தால் நான் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வந்த செய்தி இதுதான். பென்சிலின் அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், தன் வீட்டில் மட்டும் எங்கே திரும்புவது என்று தெரியாமல் போன வருடம் விவாகரத்தாகித் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார். அம்மா பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். ‘ஹலோ’ என்று அவள் சொன்னால் பல்வலியே பாதி குறையும். அவளுக்கும் எங்கள் லிஃப்டைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்குக்கும் பேச்சு ஏற்பட்டு, பேச்சு பழக்கமாகி, பழக்கம் இப்போது பதிவுத் திருமணம் வரை வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை பழுதாகிக்கொண்டிருந்த லிஃப்ட் நடுவில் வாரம் ஒருமுறை பழுதானபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சொன்னால் வம்பு என்பீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்தாம் மாடிக்கு இடுக்கி இரவல் வாங்கப் போனேன். என் வீட்டில் இடுக்கி இருக்கிறது என்பது வேறு விஷயம். அங்கே அப்பா, அம்மா, மெக்கானிக் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நாகரிகமாக, சண்டையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மேஜை நடுவே ஒரு காலண்டர். கல்யாணம் முடிந்ததும் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற மெக்கானிக் வீட்டுக்குக் குடிபோவது. பென்சிலுக்குப் பக்கத்திலேயே புதுப் பள்ளிக்கூடம். சனி ஞாயிறு அப்பாவிடம். பள்ளி விடுமுறையில் பாதி இங்கே, பாதி அங்கே. எல்லாம் பொருந்தி வந்தது. மேஜையின் நாலாவது பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பென்சில் தலையைத் தூக்கி, “என்னை யாராவது கேட்டீங்களா?” என்றாள்.

“பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல. உள்ள போ” என்றாள் அம்மா.

பென்சில் உள்ளே போனாள். மறுநாள் காலை லிஃப்டில் முதல் அத்தியாயம்.

‘ஓர் ஊரில் ஒரு பார்சல் இருந்தது. அதற்குக் கால் முளைத்திருந்தது. யாரும் குனிந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை. அதை மேஜையில் வைத்துவிட்டு, இதை எங்கே அனுப்பலாம் என்று பேசினார்கள். பார்சல் இருமியது. பார்சல் எல்லாம் இருமக் கூடாது என்றார்கள்.’

நாலு வரிதான். ஆனால் கட்டடமே படித்தது. இரண்டு நாள் கழித்து அடுத்த தாள் வந்தது. அதில் பிரேக் ராஜா வந்தார். ‘பிரேக் ராஜாவுக்கு ஒரு கால்தான் வேலை செய்யும். யாராவது கேள்வி கேட்டால் அந்தக் கால் தானாக அமுங்கும். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.’ பிறகு ஹலோ ராணி. ‘டெலிபோனுக்குள் அவள் குரல் தேன். டெலிபோனை வைத்ததும் அந்தக் குரலைக் கழற்றிவிட்டு வீட்டுக் குரலை எடுத்து மாட்டிக்கொள்வாள்.’ பிறகுதான் கதையின் வில்லன், திருகு அரக்கன். ‘அவன் எதைப் பார்த்தாலும் இறுக்குவான். குழாயை இறுக்கினான். நாற்காலியை இறுக்கினான். ராணியின் வீட்டில் ஆடுகிற பொருளே இல்லாமல் போனது. பார்சலுக்கு அந்த ஆடுகிற நாற்காலிதான் பிடிக்கும்.’

கட்டடம் தலைகால் புரியாமல் ஆடியது. முதல் மாடிக்காரர்கள், ஆயுளில் லிஃப்ட் ஏறாதவர்கள், வரிசையில் நின்று ஏறினார்கள். ஒரு தடவை மேலே போவதற்குள் படித்து முடிக்க முடியாதவர்கள் கீழே வரும்போது மீதியைப் படித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ஐந்து மாடிக்கும் பொத்தானை அழுத்தி நிறுத்தி நிறுத்திப் போனார்கள். அந்த லிஃப்டில் முதன்முதலாக மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “ராஜா யாருன்னு தெரியுதா?” என்று கண்ணடித்துக்கொண்டார்கள்.

நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், ஐந்தாம் அத்தியாயம் வரும் வரை. ‘மரத்தின் மூன்றாம் கிளையில் காதுக்குருவி இருந்தது. சிறகு இருக்க வேண்டிய இடத்திலும் அதற்குக் காதுதான். அதனால் பறக்க முடியாது. செய்திதான் பறக்கும்.’

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் சிரித்தார். அந்த மனிதர் அதற்கு முன் சிரித்தது எங்கள் கல்யாண போட்டோவில், அதுவும் போட்டோகிராபர் கேட்டுக்கொண்டதால்.

லிஃப்ட் நின்றதும் அந்த அத்தியாயத்தில்தான். கட்டடச் சங்கத்து செக்ரட்டரி, நான், நாலாம் மாடித் தையல்காரி, அவள் மாமியார், இன்னும் பெயர் தெரியாத விருந்தாளிகள் என்று நெருக்கி அடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி ஏறியிருந்தோம். பாரம் தாங்காமல் பெட்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தொங்கிவிட்டது. போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் வந்ததும் வெளியிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

“உள்ள யாரு இருக்கீங்க? எந்த மாடிக்குப் போகணும்?”

“எங்கயாவது எறக்கி விடுய்யா, மூச்சு முட்டுது!” என்றார் செக்ரட்டரி.

“அப்படி இல்ல சார். உள்ள இருக்கிறவங்களக் கேக்காம பெட்டிய நகத்த மாட்டேன். யாராவது கதவுல சாஞ்சிருந்தா? கைய வெளிய நீட்டிட்டிருந்தா? நான் கேக்கணும், நீங்க பதில் சொல்லணும், அப்புறம்தான் நகரும். தொழில் பழக்கம்.”

“மூணு, மூணு!” என்று கத்தினோம்.

கதவு திறந்தது. நாங்கள் இறங்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தோம், மறுபடி சுவரைப் பார்த்தோம். அவர் எட்டிப் பார்த்தார். பழைய அத்தியாயங்களும் வரிசையாக அங்கேயே இருந்தன. மனிதர் நிதானமாக, உதடு அசைத்துப் படித்தார். நான் இன்னும் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். நல்ல காரணத்துக்காகத்தான், அடுத்து என்ன நடக்கும் என்கிற ஆவலில்.

“அரக்கன் ஸ்குரூ டிரைவர வச்சு சிம்மாசனத்த கழட்டுறான்னு எழுதியிருக்கு” என்றார் கடைசியில். “சிம்மாசனத்துக்கு ஸ்பேனர்தான் சரி.” கருவிப் பெட்டியை மூடிவிட்டு, “அடுத்தது எப்ப வரும்?” என்று என்னைக் கேட்டார். போகும்போது அந்தத் தாளுக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த விளக்கை மாற்றிவிட்டுப் போனார். பென்சில் அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. அடுத்த அத்தியாயத்தில், ‘அரக்கன் தன் குகையில் புது விளக்குப் போட்டான். இப்போது அவன் முகம் இன்னும் நன்றாகத் தெரிந்தது’ என்று வந்தது.

அதன் பிறகுதான் மனு கொடுக்கிற கூட்டம் கிளம்பியது. எந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையோ, அவளைத் தேடி ஆளாளுக்கு வந்தார்கள். செக்ரட்டரி தன்னை ‘சுற்றறிக்கை ஆமை’ என்று எழுதியதை ‘சிங்கம்’ என்று மாற்றச் சொன்னார். தையல்காரி தன்னை ஏன் கதையில் சேர்க்கவில்லை என்று அழாத குறையாகக் கேட்டாள். நானும் போனேன். மறைப்பானேன்.

“குருவியாவே இருக்கட்டும்டி கண்ணு. ஆனா காதுக்குப் பதிலா கொஞ்சம் நல்ல தோகை, கீகை வச்சா என்ன?”

“குருவிக்கு ஏது அத்தை தோகை?”

“கதைதானே.”

அவள் பின்னலிலிருந்து பென்சிலை உருவி, முனையைப் பார்த்துவிட்டு, மறுபடி செருகினாள். “எல்லாரும் அவங்கவங்க வேஷத்தப் பத்தித்தான் கேக்கறாங்க. பார்சல் என்ன ஆகும்னு யாருமே கேக்கல” என்றாள். இதுவும் கட்டடத்தில் ஒரு செய்திதான். ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா லிஃப்டில் ஏறக் கூச்சப்பட்டு மாடிப்படியில் வந்தார். அவள் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்து, என் வீட்டு வாசலுக்கு நேரே அவளை மடக்கினார். நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன், காற்றுக்காக.

“பாப்பா, அப்பாவுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே வேலை செய்யுது? எங்கிட்ட கத்துக்க வர்றவங்க எல்லாம் ராஜா, ராஜான்னு கூப்பிட்டுச் சிரிக்கிறாங்க.”

“கேள்வி கேட்டாலும் வேலை செய்யுமாப்பா?”

“என்ன கேள்வி? கேளு.”

“நான் எங்க இருக்கணும், எந்த ஸ்கூல் போகணும்னு நீங்க ஏன் என்னக் கேக்கல?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அடடா, கிளாஸுக்கு நேரமாயிடுச்சு. அப்புறம் பேசலாம்டா.”

“பாத்தீங்களா,” என்றாள் பென்சில், “அமுங்கிடுச்சு.”

அம்மா மனுவெல்லாம் கொடுக்கவில்லை. நேராக லிஃப்டுக்குள் போய்த் தாள்களை எல்லாம் கிழித்தாள். “வீட்டு விஷயத்த இப்படி லிஃப்ட்ல தொங்கப் போட்டிருக்கியே! கிளினிக்ல பல்லு புடுங்க வந்தவரு, வாய்ல பஞ்சோட ‘ராணி’ங்கிறாரு!”

“வீட்டுலதான் முதல்ல சொன்னேன். உள்ள போன்னீங்க. போனேன்.”

“ரூமுக்குள்ள போன்னா லிஃப்டுக்குள்ள போறதா? சனிக்கிழமை புது ஸ்கூல்ல அட்மிஷன். அதோட இந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சுது.”

செக்ரட்டரிக்கு இது போதுமே. ‘லிஃப்டில் எதுவும் ஒட்டக் கூடாது’ என்று ஒரு சுற்றறிக்கை அடித்து, லிஃப்டிலேயே ஒட்டினார். அதன் கீழே யாரோ ‘ஆமை சொன்னது’ என்று எழுதிவிட்டார்கள். கையெழுத்துத் தையல்காரியுடையது என்று நினைக்கிறேன். நாவல் நின்றுபோனதில் கட்டடமே சாவு வீடு மாதிரி ஆனது. பார்சல் அப்போது ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டி வந்துகொண்டிருந்தது. ஏற்றுவார்களா, மாட்டார்களா? அப்படியே விட்டால் எப்படி?

சனிக்கிழமை காலை வந்தது. கீழே மெக்கானிக் வேனோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பென்சிலும் கிளம்பி லிஃப்ட் வரை வந்தார்கள். சான்றிதழ் உறையை மறந்துவிட்டு அம்மா திரும்ப வீட்டுக்குள் ஓடினாள். அந்த இடைவெளியில் லிஃப்ட் பென்சிலை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. அசையவில்லை.

பழுதா, பிடிவாதமா என்பது எங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் தீராத விவாதம். உள்ளே நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அம்மா படியில் ஓடி வந்து என் வாசலில் நின்று லிஃப்ட் கதவைத் தட்டினாள். “ஏய், பயப்படாத! அம்மா இருக்கேன்!” உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அம்மாவுக்கு நிஜமாகவே உயிர் போய் உயிர் வந்தது. டெலிபோன் குரல், வீட்டுக் குரல் இரண்டும் போய் மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. அந்தக் குரலிலேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வண்டியை நடுத்தெருவில் மாணவரோடு அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, படியில் மூச்சு வாங்கினார். தெருவில் அந்த வண்டியின் ஹாரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டடம் மொத்தமும் என் வாசலில். உட்கார இடம் கொடுத்தே நான் களைத்துப்போனேன்.

“கீழ எறக்குங்க! முதல்ல கீழ எறக்குங்க!” என்றாள் அம்மா.

“மேல பக்கம்னா மேலயே தூக்கிடுங்க” என்றார் அப்பா.

“ரெண்டும் வேணாம், கதவ ஒடைங்க” என்றார் செக்ரட்டரி. கதவு சங்கத்துப் பணத்தில் வாங்கியது என்பது உடனே நினைவு வந்து, “மெதுவா ஒடைங்க” என்றார்.

படியேறி வந்த மெக்கானிக் யார் பேச்சையும் காதில் வாங்காமல் கதவருகே குனிந்தார், எப்போதும் போல, தொழில் பழக்கத்தில், சத்தமாகக் கேட்டார்.

“உள்ள யாரு இருக்கீங்க? எந்த மாடிக்குப் போகணும்?”

ஹாரன் கூட அந்த நேரம் பார்த்து நின்றது.

உள்ளேயிருந்து பென்சிலின் குரல் வந்தது. “இன்னொரு தடவ கேளுங்க.”

மெக்கானிக் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்திருக்க வேண்டும். மறுபடி குனிந்தார். இந்தத் தடவை சத்தமாக இல்லை.

“எங்க போகணும்னு சொல்லும்மா. நீ சொல்லாம நான் நகத்த மாட்டேன்.”

“அம்மாவையும் கேக்கச் சொல்லுங்க.”

அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “உனக்கு என்ன வேணும்டி? சொல்லு. அம்மா கேக்கறேன்.”

“அப்பா?”

எல்லோரும் அப்பாவின் வலது காலைப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேரும் காலைத்தான் பார்த்தோம். அது ஒரு தரம் அசைந்தது. தெருவில் ஹாரன் மறுபடி ஆரம்பித்தது. அவர் படிப்பக்கம் திரும்பினார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், பிறகு அவர் சட்டென்று கதவுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். “நானும் கேக்கறேன் பாப்பா. முதல்லயே கேட்டிருக்கணும்.”

அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பென்சில் பேசினாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி வரிசையாக வந்தது. பள்ளிக்கூடம் மாற மாட்டாள்.

“ரொம்ப தூரம்டி. ரெண்டு பஸ் மாறணும்” என்றாள் அம்மா.

“மாறிக்கறேன். நீங்க எல்லாரும் எவ்வளவு மாறிட்டீங்க.”

“காலைல நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் அப்பா.

“ஓட்டறது நீங்களா, உங்ககிட்ட கத்துக்கறவங்களா?”

கூட்டம் சிரித்தது. “நானே ஓட்டறேம்மா, நானே” என்றார் அவர்.

சனி ஞாயிறு டிரைவிங் வகுப்பின் பின்சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. இரண்டு வீட்டிலும் அவளுக்கென்று ஒரு மேஜை வேண்டும், சாப்பிடும் நேரத்தில் பறித்துக்கொள்ளாத மேஜை. வீட்டில் எதை முடிவு செய்தாலும் அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், மூன்றாம் மாடிக்குத் தெரிவதற்கு முன்னால். இந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியாக, மெக்கானிக்கை அவள் அப்பா என்று கூப்பிட மாட்டாள்.

“அப்பா இருக்காரு. கதவுக்கு வெளியதான் உக்காந்திருக்காரு.”

“சரிதான்” என்றார் மெக்கானிக். “அப்ப என்னன்னு கூப்பிடுவ?”

“யோசிச்சு சொல்றேன்.”

“யோசி. அந்த நாற்காலிய வேணும்னா லூஸ் பண்ணிக் குடுத்திடறேன்.”

உள்ளேயிருந்து, “ரொம்ப லூஸ் பண்ணாதீங்க. பழைய மாதிரி போதும்” என்று வந்தது. “மூணாவது மாடி.”

கதவு திறந்தது. கையில் ஒரு தாள், தோளில் பள்ளிப் பை, பின்னலில் பென்சில். எங்கள் கட்டடத்தில் யார் கல்யாணத்துக்கும் அப்படிக் கை தட்டி நான் கேட்டதில்லை. அம்மா அவளை அள்ளிக்கொண்டாள். பென்சிலோ, “இருங்கம்மா, தாள் கசங்குது” என்று விலகி, என் வாசற்படியில் உட்கார்ந்து, பாதியில் நின்றிருந்த கடைசி அத்தியாயத்தை அங்கேயே எழுதி முடித்தாள். அவ்வளவு பேரும் நின்று பார்த்தோம். மெக்கானிக் லிஃப்டைச் சோதித்துவிட்டு வந்தார். என்ன பழுது என்று கேட்டதற்கு, “சின்னப் பழுது. சரியாயிடுச்சு” என்றார். அதற்கு மேல் அவர் வாயை என்னாலேயே கிளற முடியவில்லை.

தாளை ஒட்ட டேப் கொடுத்தது யார் தெரியுமா? செக்ரட்டரி. தன் சுற்றறிக்கையைத் தன் கையாலேயே உரித்து அந்த டேப்பை எடுத்தார்.

‘வண்டி வந்தது. ஏற்றலாமா, இறக்கலாமா என்று ராஜாவும் ராணியும் பேசினார்கள். அரக்கன் குனிந்தான். ஐயோ, இதற்குக் கால் இருக்கிறதே என்றான். பார்சலே, எங்கே போக வேண்டும் என்று கேட்டான். பார்சல் தன் கயிற்றைத் தானே அவிழ்த்தது. உள்ளே ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காதுக்குருவி மட்டும், எனக்கு முன்னாடியே தெரியும் என்றது. அது பொய். முற்றும்.’

அது பொய்யாம்! கடைசி வரியில் கூட என்னை விடவில்லை. இருந்தாலும் ஒரு நாவலின் கடைசி வரியில் இடம் பிடித்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். தையல்காரி இன்னும் பொறாமையில் புழுங்குகிறாள்.

கல்யாணம் முடிந்து, போன மாதம் அவர்கள் வீடு மாறினார்கள். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம்தான் வந்தார்கள். “இது எந்த ரூமுக்கும்மா?”

“என்ன எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள் அம்மா, பல் கிளினிக் குரலும் இல்லாமல் பழைய வீட்டுக் குரலும் இல்லாமல். “அவளக் கேளுங்க.”

பென்சில் வேனுக்குப் பக்கத்தில் நின்று, இது ஜன்னல் ரூமுக்கு, இது சமையலறைக்கு, அந்த நாற்காலி கடைசியில் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரு முனையில் அப்பா, ஜன்னல் ரூமுக்கான மேஜையைத் தன் வண்டிக் கூரையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார், ஊர்வலம் மாதிரி மெதுவாக. மெக்கானிக் களைப்பில் ஒரு பெட்டியின் மேல் உட்காரப் போனார்.

“அரக்கரே! அதுல உக்காராதீங்க. அதுலதான் நாவல் இருக்கு.”

அரக்கர் துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பல்.

நான் பால்கனியிலிருந்து கேட்டேன், கேட்காமல் எப்படி இருப்பது? “ஏண்டி, அவரு வீடு தனி வீடாமே. ஒரே தளம். லிஃப்டே கிடையாதாம். அடுத்த நாவல எங்க ஒட்டுவ?”

பென்சில் அண்ணாந்து பார்த்தாள்.

“அவரு வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?” என்றாள். “அத நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலியே.”